போன் செய்த கடைக்கே கெட்ட பெயர்: காவல்துறை–பார் கூட்டேற்பாடு, உள்ளிருந்து ஒரு மதிப்புரை

இரவு நேரக் கேளிக்கைப் பகுதிகளில் நடக்கும் அடிதடி, திருட்டு, பெண்களிடம் அத்துமீறல் ஆகியவற்றைக் குறைப்பதற்காக, அப்பகுதிக் காவல் நிலையமும் அங்குள்ள பார்களின் மேலாளர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டேற்பாட்டை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். ஏழு ஆண்டுகளாக ஒரு பாரில் இரவு மேலாளராக இருக்கிறேன். அவற்றில் ஆறு ஆண்டுகளாக எங்கள் கடை இந்த ஏற்பாட்டில் உறுப்பினராக இருக்கிறது. கடையில் வாங்கும் பொருளைப் போல இதற்குப் பெட்டியும் உத்தரவாத அட்டையும் கிடையாது. ஆனாலும் கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என்ற கணக்கு இதற்கும் உண்டு; அந்தக் கணக்கு நேர்படாவிட்டால் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள்.

பெறுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பார்களின் வாசலையும் ரோந்துக் காவலர்களையும் ஒரே அலைவரிசையில் இணைக்கும் வாக்கி-டாக்கி, பெயரும் முகமும் தெரிந்த ஒரு தொடர்பு அதிகாரி, மாதம் ஒரு கூட்டம், வாசல் காவலர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் பயிற்சி, உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கும் பொதுத் தடைப்பட்டியல், கடைசியாகக் கதவில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர். கொடுக்க வேண்டியது ஒவ்வோர் இரவும் எழுதப்பட்ட சம்பவப் பதிவேடு, கேட்டபோது எடுத்துத் தர வேண்டிய சிசிடிவி பதிவு, கூட்டங்களுக்கான நேரம். இவற்றோடு, பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளரிடம் இன்றைக்குப் போதும் என்று சொல்லும் துணிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வியாபாரத்தில் அதுவும் ஒரு செலவுதான்.

இப்படியொரு ஏற்பாடு எதற்கு, ரோந்தைக் கூட்டினால் போதாதா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. ஒரு தெருவில் முப்பது பார்கள் இருந்தால் சண்டை முப்பதிலும் சமமாக நடப்பதில்லை. நான்கைந்து இடங்களில், வார இறுதியின் இரண்டு இரவுகளில், கடை அடைப்பதை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. காரணங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கழிப்பறைக்குப் போக ஒரே குறுகலான வழி இருக்கும், அதே வழியில் பணியாளர் தட்டேந்தி வருவார், ஒரு தோள் இடித்து ஒரு சட்டையில் பியர் கொட்டும். அல்லது எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் அடைக்க, வண்டி கிடைக்காத முந்நூறு பேர் நடைபாதையில் நிற்பார்கள். காவலர் வந்து சேரும்போது மூக்கு உடைந்திருக்கும். யாரை உள்ளே விடுவது, யாருக்கு ஊற்றுவதை நிறுத்துவது, இசையை எப்போது தணிப்பது, விளக்கை எப்போது போடுவது ஆகிய முடிவுகளெல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேலாளரின் கையில் இருந்தவை.

எனக்கு முழு மனநிறைவு தந்த பகுதி வாக்கி-டாக்கிதான். ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால் அளவில் நால்வர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவருக்கு நிதானம் இல்லை. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, பேச்சில் மட்டும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. வாசல் காவலர் அனுமதி மறுத்துவிட்டு, அவர்கள் நான்கு அடி நகர்ந்ததும் கருவியை எடுத்து, "சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டை, இடது மணிக்கட்டில் கட்டு, கூட மூன்று பேர், கீழ்ப்பக்கமாக வருகிறார்கள், கோபமாக இருக்கிறார்" என்றார். அடுத்த வாசலில் மரியாதையாக மறுத்தார்கள். அதற்கடுத்த வாசலில் நடைரோந்தில் இருந்த இரண்டு காவலர்கள் முன்பே போய் நின்றிருந்தார்கள். இரண்டு நிமிடம் பேசினார்கள், ஒரு டாக்சியை நிறுத்தி நால்வரையும் ஏற்றி அனுப்பினார்கள். வழக்கு இல்லை, காயம் இல்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்த இரவு ஏறவில்லை. இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் அப்படி மறுக்கப்பட்ட ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் சற்றுக் கூடுதல் கோபத்தோடு ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் யாரோ கவனிக்காமல் உள்ளே விட, அங்கே கண்ணாடி உடையும். கருவியின் குறைகளும் இருக்கின்றன. நிலவறையில் இருக்கும் பார்களுக்கு அலை எட்டுவதில்லை, பேட்டரி நள்ளிரவுக்கு மேல் தாங்குவதில்லை, சில கடைகளில் அது கல்லாப்பெட்டிக்குக் கீழே இழுப்பறையில் தூங்குகிறது.

பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உறுதியான சான்று இருக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரில் 1996-இல் தொடங்கிய ஸ்டாட் திட்டத்தில் காவல்துறை, உரிமம் வழங்கும் வாரியம், உணவக உரிமையாளர் சங்கம், ஊழியர் சங்கம் ஆகிய அனைவரும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். பரிமாறுபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். உரிமக் கண்காணிப்பையும் இறுக்கினார்கள். பிறகு, முற்றிய போதையில் இருப்பவர்போல நடிக்கத் தெரிந்த நடிகர்களை அனுப்பி, பரிமாற மறுக்கிறார்களா என்று சோதித்தார்கள். 1996-இல் நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே மறுத்தவர்கள் 1999-இல் 47 முறை மறுத்தார்கள், 2001-இல் 70 முறை மறுத்தார்கள். திட்டம் நடந்த மத்தியப் பகுதியில் வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். நான் கவனித்தவரை, பயிற்சி பெறாத பணியாளர் மறுக்கத் தயங்குவது கருணையால் அல்ல, எப்படிச் சொல்வது என்று தெரியாததால்தான். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை எளிய விஷயங்கள். நண்பர்கள் முன்னால் மறுக்காதே, பக்கவாட்டில் நின்று தணிந்த குரலில் பேசு. "நீங்கள் குடித்திருக்கிறீர்கள்" என்று தொடங்காமல் "இதற்கு மேல் கொடுத்தால் எனக்குத்தான் சிக்கல்" என்று சொல். மறுப்பதற்கு முன் மேசையில் தண்ணீர் வை. கூட வந்தவர்களில் நிதானமானவரைத் தேடி அவரிடம் பொறுப்பை ஒப்படை. முக்கியமாக, ஒருவர் மறுத்தபின் மேலாளர் வந்து "பரவாயில்லை, இன்னொன்று கொடு" என்று சொல்லக் கூடாது. அந்தக் கடைசி விதி எனக்காகவே எழுதப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பயிற்சியின் பலவீனம், அது ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. இந்தத் தொழிலில் பரிமாறுபவர்கள் ஓராண்டு நிலைப்பதே அபூர்வம்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். சேர்ந்த முதல் ஆண்டில், ஐந்தாவது கூட்டம் என்று நினைவு, தொடர்பு அதிகாரி சுவரில் ஒரு பட்டியலைக் காட்டினார். எந்தக் கடையிலிருந்து காவல்துறைக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்ற பட்டியல் அது. எங்கள் கடை முதலிடத்தில் சிவப்பு நிறத்தில் இருந்தது. பயிற்சியில் சொன்னபடி, தகராறு முற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைந்த கைப்பை, கதவோரம் சுற்றித் திரிந்த ஆள், வெளியே போகாமல் அடம்பிடித்தவர் என எல்லாம் அதில் அடக்கம். பட்டியலின் அடியில், ஓர் அழைப்புகூட இல்லாமல், பச்சை நிறத்தில் இருந்தது எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கடை. அங்கே என்ன நடக்கும் என்பது அறையில் இருந்த அத்தனை மேலாளர்களுக்கும் தெரியும்: வாசல் காவலர்களே அடித்து வெளியேற்றுவார்கள், படியை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், பதிவேட்டில் "அமைதியான இரவு" என்று எழுதுவார்கள். அந்த மாதம் எங்கள் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தோடு அந்த அழைப்புக் கணக்கும் போய்ச் சேர்ந்தது. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, "இனிமேல் யோசித்துப் போன் செய்யுங்கள்" என்றார். அடுத்த நான்கு மாதங்கள் நாங்கள் பெரும்பாலும் போன் செய்யவில்லை. எங்கள் நிறமும் பச்சையானது. அந்த நான்கு மாதங்களில் எங்கள் கடை முன்பைவிடப் பாதுகாப்பாக இருந்ததா என்றால், கூசாமல் சொல்கிறேன், இல்லை.

இது எங்கள் ஊழியர்களின் தனிப்பட்ட புலம்பல் அல்ல. அளவுகோலிலேயே இருக்கும் பழுது. காவல்துறைக்கு வரும் அழைப்பு, குற்றத்தையும் காட்டுகிறது, மேலாளரின் ஒத்துழைப்பையும் காட்டுகிறது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் நல்ல மேலாளர்தான் முதலில் அடி வாங்குவார். இதற்கு மாற்று வழி ஒன்று முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் முக அறுவை மருத்துவரான ஜோனதன் ஷெப்பர்ட், தன்னிடம் உடைந்த தாடையோடு வருபவர்களில் பெரும்பாலோர் காவல்துறையின் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அதன்பிறகு அவசரச் சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில், எங்கே அடிபட்டது, எப்போது, எதனால் என்ற சில கேள்விகளை மட்டும் கேட்டு, பெயரில்லாமல் அந்தத் தகவலைக் காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் தரும் முறை உருவானது. 2011-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒத்த நகரங்களோடு ஒப்பிடுகையில் கார்டிஃபில் வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் விகிதம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. எந்தப் பாரில் காயம் ஏற்பட்டது என்பதைக் காயம்பட்டவரே சொல்லிவிடுவதால், வாளித் தண்ணீர் வைத்தியம் அங்கே பலிக்காது.

எங்கள் பகுதியிலும் மூன்றாம் ஆண்டிலிருந்து மருத்துவமனைத் தகவல் மாதம் ஒரு தாளாக வரத் தொடங்கியது. முதல் தாளிலேயே தெருக்கோடிக் கடையின் பெயர் ஆறு முறை இருந்தது. அதிகாரி அதை வாசித்து முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. தேநீர்க் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனத்துக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. எங்கள் கடையின் பெயரும் அதில் இரண்டு முறை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் ஒன்று எங்கள் பதிவேட்டில் இல்லவே இல்லை. பின்கதவுப் படியில் நடந்திருக்கிறது, எங்கள் கேமரா எட்டாத இடம்.

பொதுத் தடைப்பட்டியலில் எனக்கு இரண்டு மனம் உண்டு. பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பப்வாட்ச் குழுக்களின் கொள்கையை இது பின்பற்றுகிறது: ஒரு கடையில் தடை என்றால் உறுப்பினர் கடைகள் அனைத்திலும் தடை. கத்தியோடு வந்தவரையும், மயக்க மருந்து கலந்தவரையும் தள்ளி வைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. தடை என்பது உரிமையாளர்களின் முடிவாக இருக்க வேண்டும், காவல்துறை அவர்கள் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடக் கூடாது என்ற எல்லை மட்டும் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு முறை வாட்ஸ்அப்பில் சுற்றிய மங்கலான படத்தை வைத்து, அதே மாதிரி தாடி வைத்த வேறொருவரை மூன்று கடைகள் திருப்பி அனுப்பின. அவர் மனைவியின் பிறந்தநாளுக்கு வந்தவர். முறையீடு செய்ய ஒரு முகவரிகூட அப்போது இல்லை. இப்போது இருக்கிறது, தடைக்கு முடிவுத் தேதியும் உண்டு. படங்களை வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்திவிட்டோம்.

கண்ணாடி டம்ளர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. உடைந்தால் பொடியாகும் கடினக் கண்ணாடிக்கு மாறுங்கள் என்று அதிகாரி வற்புறுத்தியபோது நாங்களும் மாறினோம். இது தோன்றுகிற அளவு எளிதல்ல: பிரிட்டனில் நடந்து 2000-இல் வெளியான ஒரு சோதனையில், கடினக் கண்ணாடி கொடுக்கப்பட்ட பார்களில் ஊழியர்களின் காயங்கள் கூடியே இருந்தன, ஏனென்றால் அந்த டம்ளர்கள் மோதலைத் தாங்காமல் முன்பைவிட எளிதாக உடைந்தன. அவசரத்தில் தரம் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதோடு விடுகிறேன். இரவு பதினொன்றுக்கு மேல் நாங்கள் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் டம்ளர்களுக்கு மாறிவிடுகிறோம்.

இந்தச் சேவையை விற்பவர்கள் அதிகம் பேசாத விஷயம், தானாக முன்வந்து சேர்ந்த கூட்டணிகளின் ஆயுள். ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ் பகுதியில் 1993-இல் குற்றவியல் ஆய்வாளர் ராஸ் ஹோமல் குழுவினரின் வழிகாட்டுதலில் மேலாளர்களும் காவல்துறையும் நடத்தை விதிகளில் ஒப்பந்தம் செய்தார்கள். இரவுக் கடைகளில் உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்ததில், நூறு மணி நேரக் கவனிப்புக்கு 9.8 ஆக இருந்த உடல்ரீதியான தாக்குதல்கள் அடுத்த ஆண்டே 4.7 ஆகச் சரிந்தன. 1996-இல் மீண்டும் 8.3-க்கு ஏறிவிட்டன. திட்ட ஊழியர்கள் போய்விட்டார்கள், விதியை மீறினால் கேட்க ஆளில்லை, ஒரு கடை மலிவு விலைச் சலுகை தொடங்க மற்றவையும் பின்தொடர்ந்தன. அதே நாட்டின் நியூகாசில் நகரில் 2008-இல் 14 பார்களுக்கு அடைக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரும் கட்டாய உத்தரவு வந்தது. பின்னிரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வெளியே போகலாம், புதிதாக உள்ளே வர முடியாது. அங்கே தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. தன்னார்வ நடவடிக்கைகளையே நம்பியிருந்த, அதே ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில், காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவோர் எண்ணிக்கையில் அப்படியொரு இறக்கம் தெரியவில்லை. மேலாளர் என்ற முறையில் சீக்கிரம் கடையடைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் லாபம். ஆனால் உரிமம் போகலாம் என்ற பயம் பின்னணியில் இல்லாத கூட்டங்களுக்கு எத்தனை உரிமையாளர்கள் வந்தார்கள் என்பதை நான் வருகைப்பதிவில் பார்த்திருக்கிறேன். நேர்மையாக நடப்பவரைக் காப்பதற்காவது அந்தப் பயம் வேண்டும். இல்லையென்றால் விதியை மதிக்கும் கடை நட்டப்படும், மீறும் கடை நிரம்பி வழியும்.

சான்றிதழ்களும் ஸ்டிக்கர்களும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. 2003-இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெஸ்ட் பார் நன் போன்ற தரச் சான்றுத் திட்டங்கள், நல்ல கடைகளுக்கு ஊக்கமாக இருக்கலாம்; மோசமான கடை விண்ணப்பிக்கவே போவதில்லை. 2016-இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய "ஏஞ்சலாவைக் கேளுங்கள்" முறை நல்ல யோசனை: ஆபத்தில் இருப்பதாக உணரும் பெண் கவுண்டரில் ஏஞ்சலா இருக்கிறாரா என்று கேட்டால், ஊழியர்கள் புரிந்துகொண்டு அவரைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும். எங்கள் கழிப்பறையிலும் அதே மாதிரி ஒரு சுவரொட்டி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான பையன் ஊழியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையே, மேடம்" என்றான். பக்கத்தில் நின்ற மூத்த பணியாளர் காதில் விழுந்ததால் தப்பித்தோம். அதன்பிறகு, அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாத யாரையும் முதல் ஷிப்டில் நிற்க விடுவதில்லை.

காவலர்களோடு பழக்கம் கூடுவதால் வரும் சங்கடம் ஒன்றும் உண்டு. கூட்டம் எங்கள் பார்களில் மாறி மாறி நடந்துகொண்டிருந்தது. தேநீரில் தொடங்கிச் சாப்பாட்டில் முடியும். எந்தக் கடையின் விருந்து நன்றாக இருந்ததோ அந்தக் கடையின் மேல் புகார் எழுதக் கை வராது என்பது மனித இயல்பு. இப்போது கூட்டம் நகராட்சி அலுவலகத்தில் நடக்கிறது, தண்ணீர்ப் பாட்டில் மட்டும்தான். எங்கள் ஏற்பாட்டில் நடந்த மாற்றங்களில் செலவே இல்லாததும் பலன் மிகுந்ததும் இதுதான்.

சேரலாமா என்று கேட்கும் மேலாளர்களுக்கு: சேருங்கள், ஆனால் கையெழுத்திடும் முன் தொடர்பு அதிகாரியிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் அழைப்புகள் உரிமம் புதுப்பிக்கும்போது உங்களுக்கு எதிராக வைக்கப்படுமா? மருத்துவமனைத் தகவல் கூட்டத்துக்கு வருகிறதா? முதல் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான்கு மாதம் பொறுத்து மீண்டும் கேளுங்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், வாக்கி-டாக்கிக்கு ஐந்து, பயிற்சிக்கு நான்கு, தடைப்பட்டியலுக்கு மூன்று, ஸ்டிக்கருக்கு ஒன்று.

எங்கள் அதிகாரி மூன்று மாதங்களுக்கு முன் இடமாற்றலாகிப் போனார். ஆறு ஆண்டுகளில் இவர் நான்காவது. புதியவர் சுறுசுறுப்பானவர், வந்ததும் எல்லாக் கடைகளின் கோப்புகளையும் முதலிலிருந்து படிப்பதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கான கடிதம் நேற்று வந்தது. நிகழ்ச்சி நிரலில் முதல் தலைப்பு, கடைவாரியான அழைப்புக் கணக்கு. மருத்துவமனைத் தாளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பழைய தாள்கள் முப்பத்தெட்டையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன், எங்கள் கடையின் பெயர் இருக்கும் தாள்கள் உட்பட.